பிறை கண்ட இரவில் பைக்கில் ஊர் வருவோருக்கும், அவர்களுக்காகக் காத்திருப்போருக்கும்



புசல்லாவை உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு இது. நோன்பு திறந்து, தராவீஹ் முடித்து, ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வெளியூரில் தொழில் பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் உம்மா வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இன்னும் சில நாட்களில் பெருநாள் வந்துவிடும். அதற்கு முன் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் இன்றே எழுதுகிறோம்.

எம்மைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நாம் புசல்லாவையில் பிறந்து வளர்ந்து, அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்று, இப்போது செங்கலடிப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கற்பித்து வருகிறோம். முஸ்லிம் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் நோன்பு விடுமுறை எமது பாடசாலைக்கு இல்லை. ஆகவே நோன்பு மாதத்தின் பெரும்பகுதி எமக்கு ஊருக்கு வெளியேதான் கழிகிறது. அதில் எமக்கு மனக்குறை எதுவும் இல்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா அனுப்பும் கஞ்சியும், "சேர், இன்னும் எத்தின நோன்பு?" என்று கேட்கும் பிள்ளைகளும் போதும். ஆனால் பெருநாள் என்று வந்தால் மனம் ஊரில்தான் நிற்கும். இது வெளியூரில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

செங்கலடியையும் புசல்லாவையையும் ஒரே வீதி இணைக்கிறது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. எமது டவுனுக்குள்ளால் போகும் ஏ 5 வீதிதான் அது. பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மஹாஓயா வழியாக வந்து செங்கலடிச் சந்தியில் முடிகிறது. நாம் நிற்கும் சந்தியில் தொடங்கி எங்கும் திரும்பாமல் அதே வீதியில் வந்தால் எமது வீட்டு வாசல். ஏறத்தாழ 240 கிலோமீற்றர். இந்த வீதியில் எமது பழைய சீடி 100 மோட்டார் சைக்கிளில் தனியாக எத்தனை தடவை வந்து போயிருப்போம் என்று கணக்கில்லை.

"பஸ் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு வந்து, அங்கிருந்து நுவரெலியா பஸ் பிடித்து ஊர் வரலாம். ஆனால் பஸ் பிடிப்பதற்காகக் காத்திருந்து, கண்டியில் மாறி, பெருநாள் சன நெரிசலில் நின்றுகொண்டே வந்து சேரும்போது ஒரு நாள் முழுவதும் போய்விடும். இரண்டு நாள் விடுமுறையில் ஒரு நாள் வீதியிலேயே போனால் எஞ்சுவது என்ன? பைக் என்றால் நினைத்த நேரத்தில் கிளம்பலாம். நான்கு லீற்றர் பெற்றோல் போதும்.

அந்த நான்கு லீற்றருக்கும் ஒரு கதை உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது ஜூலை 10. பெற்றோல் வரிசையில் பைக்கைத் தள்ளிக்கொண்டு நின்றே அந்தப் பெருநாளைக் கழித்தோம். ஊருக்கு வரவில்லை. அதன் பிறகு கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் கொடுத்தார்கள். எமது பைக்குக்கு அது ஊர் வந்து சேர மட்டும் சரி, திரும்பிப் போகப் போதாது. வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பது என்றால் என்னவென்று அந்த வருடம்தான் விளங்கியது. அதன் பிறகு எந்தப் பெருநாளையும் தவறவிடுவதில்லை என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அந்தப் பிடிவாதம்தான் எம்மை ஓர் இரவில் மரணத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பகலில் இந்த வீதியில் தனியாக வருவதைப் போன்ற பயணம் இலங்கையில் வேறு இல்லை என்பது எமது கருத்து. செங்கலடியில் வெயில். கரடியனாறு, புல்லுமலை தாண்டும்போது இரு பக்கமும் காடு. யுத்த காலத்தில் எமது வாப்பாமார் நினைத்தும் பார்க்க முடியாத பாதை இது. மஹாஓயாவில் வெந்நீர் ஊற்று. பதியத்தலாவை, பிபிலை வரை வயலும் சேனையும். பிறகு லுணுகலையில் ஏற்றம் தொடங்கும். பசறையில் முதல் தேயிலை மணம் வரும்போது "அட, எங்கட பக்கம் வந்துவிட்டதே" என்று மனம் சொல்லும். உண்மையில் பாதி வழியைத்தான் தாண்டியிருப்போம். பதுளையில் ஒரு பிளேன்டீ. வெலிமடையில் மரக்கறித் தோட்டங்கள். ஹக்கலையில் ஜெர்சியைப் போட வேண்டும். நுவரெலியாவில் கை விறைக்கும். லபுக்கலையில் இறக்கம். றம்பொடையில் நீர்வீழ்ச்சி, சுரங்கப் பாதை. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தால் ஊர் வந்த மாதிரிதான்.

ஒரே நாளில், ஒரே வீதியில், தமிழ் ஊர், சிங்கள ஊர், முஸ்லிம் ஊர், தோட்டத்து லயம் எல்லாவற்றையும் கடந்து வருகிறோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கடையில் நின்று தேநீர் குடித்தால் நாட்டைப் பற்றி ஒரு புத்தகம் படித்த மாதிரி. எமது வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேயிலையைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதை மட்டும் சொல்வதில்லை. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன் 1841இல், மோரிஸ் வேர்ம்ஸ் என்பவர் சீனத்துத் தேயிலையைக் கொண்டுவந்து எமது புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டதையும் சேர்த்துச் சொல்வோம். "சேர்ட ஊர்லயா?" என்று கண்ணை விரிப்பார்கள். தனியாகப் பயணம் செய்பவனுக்குச் சொந்த ஊரின் மீது ஒரு புதுப் பார்வை கிடைக்கும். அதை நாம் மறுக்கவில்லை.

ஆகவே, "பைக்கில் வராதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இரவைப் பற்றி. குறிப்பாகப் பெருநாள் இரவைப் பற்றி.

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் இரவு. மஃரிபுக்குப் பிறகு கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவிப்பு வரும் வரை எல்லோரையும் போல நாமும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நாளை பெருநாள் என்று உறுதியானதும் பையைக் கட்டினோம். பகல் முழுவதும் நோன்பு, வகுப்பு, வெயில். அதற்கு முந்திய இரவும் சரியான தூக்கமில்லை. ஆனால் தக்பீர் சத்தம் கேட்டதும் களைப்புத் தெரியவில்லை. இஷாத் தொழுது விட்டுக் கிளம்பினோம்.

புல்லுமலை தாண்டி யானைப் பயம். ஓர் இடத்தில் வீதியோரம் கறுப்பாக எதையோ கண்டு பைக்கை நிறுத்தி, அது பாறை என்று விளங்க ஐந்து நிமிடம் ஆனது. பதுளைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. உம்மாவின் அழைப்பு வந்தது. "மகன், எங்க ஈக்கிற?" பதுளை என்றோம். வெலிமடையில் மறுபடி. "மகன், எங்க ஈக்கிற?" நுவரெலியாவில் மறுபடி. ஒவ்வொரு தடவையும், "இந்தா கிட்ட வந்துட்டன் உம்மா" என்றோம். சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரைக் கூட்டினோம்.

லபுக்கலை இறக்கத்தில் மூடுபனி. ஹெல்மட் கண்ணாடியைத் திறந்தால் குளிர், மூடினால் எதுவும் தெரியாது. றம்பொடை தாண்டியதும் ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில் உடம்பு தளர்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது எமக்குத் தெரியாது. கண் திறந்தபோது சக்கரத்தின் கீழ் தார் இல்லை, சரளைக் கல். இரண்டு பிரேக்கையும் பிடித்தோம். பைக் சரிந்து எம்மையும் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்துக்கு முன்னால் எதுவும் இல்லை. மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. அடி தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோமோ தெரியாது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த ஒரு லொறி நின்றது. சாரதி இறங்கி வந்து முதலில் பைக்கைத் தூக்கவில்லை. எமது முகத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்து, "மல்லி, நிதிமதத?" என்றார். தூக்கமா தம்பி என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டத்தான் முடிந்தது. போத்தலில் இருந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு எமது பெயர் தெரியாது. எமக்கும் அவர் பெயர் தெரியாது. பிறகு, "எனது லைட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் வா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, புசல்லாவை டவுன் வரை லொறியை மெதுவாக ஓட்டிவந்தார். அவருக்கும் சந்தை நேரம் போய்க்கொண்டிருந்திருக்கும். டவுனில் ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார். அல்லாஹ் அவருக்கு நல்ல வாழ்வைக் கொடுக்கட்டும்.

அதன் பிறகு நாம் செய்ததுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. வீட்டுக்கு வெளியே பைப்பில் முழங்காலைக் கழுவி, கால்சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போனோம். "பாதை எப்படி மகன்?" "நல்ல பாதை உம்மா." பெருநாள் தொழுகை முடிந்து பின்னேரம், நுவரெலியாவில் நள்ளிரவு தாண்டி எடுத்த பைக் படத்தை இங்கே பதிவிட்டோம். செங்கலடியிலிருந்து ஒரே இரவில், தனியாக, ஏழெட்டு மணித்தியாலத்தில் என்று பெருமையாக எழுதினோம். உங்களில் பலர் விருப்பம் தெரிவித்தீர்கள். "மாஷா அல்லாஹ், சிங்கம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. போன வருடம் அவரும் பெருநாள் இரவில் தனியாக பைக்கில் வந்தார். படமும் போட்டார். அதைக் கண்டதும் எமது நெஞ்சு அடைத்தது. அந்தத் தம்பிக்கு வழி காட்டியது யார்? நாம்தான். சிங்கம் சரளைக் கல்லில் கிடந்ததை நாம் எழுதவில்லையே. அந்தப் பழைய பதிவை நேற்று அழித்துவிட்டோம். அழித்தால் மட்டும் போதாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், றம்பொடைக்குக் கீழே கெரண்டி எல்லயில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எமது ஊரிலிருந்து எத்தனை பேர் ஓடிப்போய் உதவினீர்கள் என்பது எமக்குத் தெரியும். அதற்கு முன், 2021 மார்ச் மாதம், இதே ஏ 5 வீதியில் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் இன்னொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் வரை இறந்தார்கள். அங்கே முன்பே சரிந்து வீழ்ந்த பெரிய பாறை ஒன்று வீதியைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. அனுபவமுள்ள சாரதிகள், பெரிய வாகனங்கள், பழகிய பாதை. அப்படியிருந்தும் இது நடந்தது என்றால், பகல் முழுவதும் நோன்பு பிடித்து, தூக்கமில்லாமல், இரண்டு சக்கரத்தில், மூடுபனியில், தனியாக வரும் ஒரு பிள்ளையின் நிலை என்ன?

எமது நாட்டில் வருடமொன்றுக்கு 2000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அதில் மிகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பஸ் வீழ்ந்தால் நாடே அறியும். பைக் வீழ்ந்தால் ஒரு வீடுதான் அறியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைக் கிழித்துப் போட்டதையும் பார்த்தோம். மலைப் பாதையில் மழைக்கு எந்த இடம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பகலில் வருபவனுக்குச் சரிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். இரவில் வருபவனுக்கு சக்கரம் பட்ட பிறகுதான் தெரியும்.

சரி, ஏன் எல்லோரும் இரவில் வருகிறார்கள்? பையன்களின் திமிர் என்று சொல்லி முடித்துவிடுவது இலகு. ஆனால் அது முழு உண்மை இல்லை. எமக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று.

ஒன்று, பிறை. நாளை பெருநாளா, இல்லை முப்பதாவது நோன்பா என்பது இரவில்தான் தெரியும். முன்கூட்டியே கிளம்ப லீவு கிடைக்காதவன் அறிவிப்பு வந்த பிறகுதான் கிளம்புவான். அந்த நேரத்தில் தூர பஸ் பிடிப்பது கஷ்டம்.

இரண்டு, தொழில். எமது ஊர்ப் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் துணிக்கடை, செருப்புக்கடைகளில் நிற்கிறார்கள். வருடத்தின் பெரிய வியாபாரமே அந்தக் கடைசி இரவில்தான். ஊரே புது உடுப்பு வாங்கி முடிந்த பிறகு, நள்ளிரவு தாண்டிக் கடை மூடும்போதுதான் அந்தப் பிள்ளைக்கு விடுதலை. அதற்குப் பிறகு கடுகண்ணாவை ஏறி, கம்பளை வந்து, மலை ஏற வேண்டும். நாம் மலிவாக வாங்கிய பெருநாள் உடுப்பில் அந்தப் பிள்ளையின் தூக்கமும் சேர்ந்திருக்கிறது.

மூன்று, நாம். வீட்டில் இருப்பவர்கள். "பெருநாள் தொழுகைக்கு முந்தி வந்துடு." "உன்ட கூட்டாளி வந்துட்டான், நீ இன்னும் இல்லையா?" "உம்மா தூங்காம ஈக்கிறா." இதெல்லாம் பாசம்தான். ஆனால் வீதியில் இருப்பவன் காதுக்கு அது வேகமாக வா என்றுதான் கேட்கும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? நாம் ஆலிம் அல்ல. ஆனால் பாடசாலையில் இஸ்லாம் படித்த எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லலாம். இரவில் தனியாகப் பயணம் செய்வதில் இருக்கும் கேட்டை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் பள்ளத்தாக்கும் இல்லாத பாலைவனத்து மக்களுக்குச் சொன்ன அறிவுரை எமக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய சலுகை இருக்கிறது. தொழுகையைச் சுருக்க சலுகை இருக்கிறது. கடமையான வணக்கங்களிலேயே அல்லாஹ் பயணியின் களைப்பைக் கணக்கெடுத்திருக்கும்போது, வலியுறுத்தப்பட்ட சுன்னத்தான பெருநாள் தொழுகையை எமது ஊர்ப் பள்ளியிலேயே தொழ வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொன்னது யார்? வழியில் பள்ளிவாசல்கள் இல்லையா? பதுளையில் இருக்கிறது, வெலிமடையில் இருக்கிறது, நுவரெலியாவில் இருக்கிறது. அங்கே தொழுதாலும் அது பெருநாள் தொழுகைதான்.

"எல்லாம் கத்ர், எழுதியது நடக்கும்" என்று ஒரு நானா எம்மிடம் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற பாடமும் எமக்கு வந்ததுதானே நானா. தூக்கக் கண்ணோடு பைக் ஓடுவது ஒட்டகத்தை அவிழ்த்து விடுவது.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. யாரையும் குறை கூறவில்லை. எம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பிள்ளைக்கு அழைப்பு எடுத்து "எங்க ஈக்கிற?" என்று கேட்பதை விட்டு, கிளம்புவதற்கு முன் எடுத்து, "தூங்கிட்டு காலையில வா" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தை உம்மாவின் வாயிலிருந்து வந்தால்தான் அவன் தூங்குவான். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் சொன்னால் கேட்க மாட்டான்.

கடை நடத்தும் முதலாளிமாருக்கு: தூர இடத்துப் பிள்ளைகளைக் கடைசி இரவில் நேரத்தோடு அனுப்புங்கள். முடியாவிட்டால் அந்த இரவு கடையிலேயே தூங்க இடம் கொடுத்து, சுபஹுக்குப் பிறகு அனுப்புங்கள். முடிந்தால் மலைநாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வேன் பிடித்துக் கொடுங்கள். அதுவும் ஒரு ஸதகாதான்.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஜமாஅத்துக்கும்: வெளியூரில் இருக்கும் எமது ஊர்ப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை எடுப்பது பெரிய வேலை இல்லை. கொழும்பிலிருந்து எத்தனை பேர், கிழக்கிலிருந்து எத்தனை பேர் என்று தெரிந்தால் ஒரு பஸ்ஸோ வேனோ ஒழுங்கு செய்யலாம். ஆளுக்கு ஒரு பங்கு போட்டால் பைக்கின் பெற்றோல் செலவைவிடக் கொஞ்சம்தான் கூடும். இல்லாதவனுக்கு ஊர் போடட்டும். இன்னொன்று, எமது பள்ளிவாசல் ஏ 5 வீதியில் போகும் எவருக்கும் கிட்டத்தான். பெருநாள் இரவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, ஒரு பாயும் ஒரு கேத்தல் தேநீரும் இருந்தால், நுவரெலியாவுக்கும் அங்கால் போகிற பயணியும் ஒரு மணித்தியாலம் கண்ணயரலாம். அவன் எந்த ஊர், எந்த மதம் என்று கேட்க வேண்டியதில்லை. எமக்குத் தேநீர் ஊற்றித் தந்தவர் கேட்கவில்லை.

பைக்கில் வரும் தம்பிமாருக்கு: தனியாக வாருங்கள், ஆனால் வெளிச்சத்தில் வாருங்கள். கிளம்பும் நேரத்தையும் பாதையையும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி முகம் கழுவுங்கள். கொட்டாவி வந்தால் அது எச்சரிக்கை. இரண்டாவது கொட்டாவியில் நிறுத்துங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஹெல்மட் பட்டியை மாட்டுங்கள். பொலிஸுக்காகத் தலையில் வைப்பது ஹெல்மட் அல்ல, தொப்பி. வந்து சேர்ந்த நேரத்தை இங்கே பெருமையாகப் போடாதீர்கள். அதைப் பார்க்கும் சின்னத் தம்பி உங்களைவிடப் பத்து நிமிடம் முந்தி வரப் பார்ப்பான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எம்மைப் போல வெளி மாகாணத்தில் கற்பிக்கும் எமது ஊர்ச் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பைக்கும் இல்லை, நினைத்த நேரத்தில் கிளம்பவும் முடியாது. பஸ் மாறி மாறி, கைக்குழந்தையோடு வருகிறார்கள். சிலர் பெருநாளுக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் படம் போடுவதில்லை என்பதால் அந்தக் கஷ்டம் எமக்குத் தெரிவதில்லை. ஊர் ஒரு வாகனம் ஒழுங்கு செய்தால் முதல் இருக்கை அவர்களுக்குத்தான் போக வேண்டும். உண்மையைச் சொன்னால், தனியாக பைக்கில் வருவது ஆண்களாகிய எமக்குக் கிடைத்த வசதி. அந்த வசதி இருந்ததால்தான் பஸ்ஸைப் பற்றி நாம் இவ்வளவு காலம் வாய் திறக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் பதிவிடுவதற்கு முன் உம்மாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாரோ வாசித்துச் சொல்லி அவ அறிவது சரியில்லையே. போன வாரம் ஊருக்கு வந்தபோது இஸ்தோப்பில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னோம். உம்மா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. எமது முழங்காலைத் தடவிப் பார்த்தா. தழும்பு இப்போது மறைந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னா, "நான்தானே மகன், எங்க ஈக்கிற, எங்க ஈக்கிறென்டு கேட்டுக்கொண்டீந்த."

இல்லை உம்மா, பிழை எங்கட என்றோம். அவ ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்த இரவு முழுக்க அவ தூங்கவே இல்லை என்பதை அப்போதுதான் தங்கச்சி சொன்னா. வீதியில் போன ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்கு வந்தாவாம். நாம் தூங்கிய அந்த ஒரு நிமிடத்திலும் உம்மா விழித்திருந்தா.

இந்த வருடம் திட்டம் இப்படித்தான். பிறை அறிவிப்பைக் கேட்டதும் தூங்குவோம். காலையில் ஏறாவூரில் பெருநாள் தொழுதுவிட்டுக் கிளம்புவோம். பதுளையிலும் நுவரெலியாவிலும் இறங்கி நடப்போம். இன்ஷா அல்லாஹ் பின்னேரம் வீடு வந்து சேருவோம். உம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. வட்டிலப்பத்தை எடுத்து வைக்கிறேன் என்றா. வட்டிலப்பம் பின்னேரமும் இனிக்கும்தானே.

ஊர் பிள்ளைகள் பட்டியல் எடுக்க யாராவது முன்வந்தால் எமது பெயரை முதலில் எழுதுங்கள். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்களைச் சேர்க்கும் பொறுப்பை நாம் எடுக்கிறோம். கருத்துகளைக் கீழே பதிவிடுங்கள். எம்மோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன், தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு ஓர் அழைப்பு எடுத்து, "காலையில வா மகன், அவசரம் இல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

வீதியில் இருக்கும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாத்து வீடு சேர்ப்பானாக. ஆமீன்.